ஆழ்கடல் எண்ணெய் மலிவானது எப்படி, அந்த மலிவுக்கு விலை கொடுத்தவர்கள் யார்

மெக்சிகோ வளைகுடாவில், நியூ ஆர்லியன்ஸ் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில் மேட் டாக் என்ற எண்ணெய் வயல் இருக்கிறது. அதன் இரண்டாம் கட்டத்துக்கு 2013ஆம் ஆண்டில் பிபி நிறுவனம் போட்ட மதிப்பீடு 2,000 கோடி டாலரைத் தாண்டியது. அப்போது கச்சா எண்ணெய் பீப்பாய் ஒன்று 100 டாலருக்கு மேல் விற்றுக்கொண்டிருந்தது; அந்த விலையிலும் கணக்கு கட்டுபடியாகவில்லை என்று திட்டத்தை நிறுத்திவைத்தார்கள். 2016 டிசம்பரில், எண்ணெய் விலை 50 டாலர் அளவில் தள்ளாடிக்கொண்டிருந்தபோது, அதே நிறுவனம் அதே வயலுக்கு 900 கோடி டாலரில் ஒப்புதல் வழங்கியது. சந்தை விலை பாதியாகச் சரிந்த பிறகு ஒரு திட்டம் லாபகரமாக மாறியது என்றால், இடைப்பட்ட மூன்றாண்டுகளில் என்ன நடந்தது என்று கேட்கத்தான் வேண்டும்.

எண்ணெய் நிறுவனங்கள் இதற்குத் தரும் விடை பெரும்பாலும் தொழில்நுட்பம் என்பதாக இருக்கும். அதில் உண்மை உண்டு, ஆனால் முழு உண்மை இல்லை. ஆழ்கடல் எண்ணெயின் செலவு குறைந்ததில் ஒரு பங்கு, நிறுவனங்கள் தம் பழைய ஆடம்பரத்தைக் கைவிட்டதால் வந்தது. ஒரு பங்கு, நன்றாகச் சுரக்கும் பாறைகளை மட்டும் தேர்ந்தெடுத்ததால் வந்தது. மற்றொரு பங்கு, செலவு உண்மையில் குறையாமல் வேறொருவர் கணக்குக்கு மாறியதால் வந்தது. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல், பீப்பாய்க்கு 35 டாலர் கிடைத்தாலே அசல் தேறிவிடும் என்பது போன்ற அறிவிப்புகளை அப்படியே எடுத்துக்கொண்டால், இன்று அதே செலவு ஏன் மீண்டும் ஏறுகிறது என்பது விளங்காமல் போகும்.

கடலின் ஆழம் 300 மீட்டரைத் தாண்டினால் ஆழ்கடல் என்றும், 1,500 மீட்டரைத் தாண்டினால் மீயாழ்கடல் என்றும் துறையில் பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். 1988இல் ஷெல் நிறுவனம் 412 மீட்டர் ஆழத்தில் நிறுவிய புல்விங்கிள், கடலடியில் கால் ஊன்றி நிற்கும் இரும்புக் கூடு என்ற பழைய முறையை அதன் எல்லைவரை கொண்டுபோன மேடை. அதற்கு மேல் ஆழத்தில் அத்தகைய கூட்டைக் கட்டுவதற்கு ஆகும் இரும்பின் விலையே திட்டத்தை விழுங்கிவிடும். எனவே 1994இல் அதே நிறுவனம் 872 மீட்டர் ஆழத்தில் அமைத்த ஆகர் மேடை மிதந்தது. எஃகுக் கட்டுகள் அதைக் கடலடியோடு இழுத்துப் பிடித்திருந்தன. அதன் பின் வந்தவை பெரும்பாலும் மிதக்கும் மேடைகள், அல்லது எண்ணெயைப் பிரித்து, சேமித்து, வேறு கப்பலுக்கு ஏற்றிவிடும் உற்பத்திக் கப்பல்கள்.

மிதக்கும் மேடையோ கப்பலோ, பணத்தின் போக்கு ஒன்றுதான்: செலவின் மிகப் பெரும்பகுதி முதல் சொட்டு எண்ணெய் வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. வயலைக் கண்டறிந்த நாளிலிருந்து விற்பனை தொடங்கும் நாள்வரை போட்ட பணம் முடங்கிக் கிடக்கும். ஆண்டுக்கு 10 சதவீத வருவாய் எதிர்பார்க்கும் முதலீட்டாளருக்கு, ஐந்தாண்டு கழித்துக் கிடைக்கும் 100 டாலரின் இன்றைய மதிப்பு 62 டாலர். பத்தாண்டு கழித்துக் கிடைத்தால் 39 டாலர்தான். ஒரே அளவு எண்ணெய், ஒரே விலை என்றாலும், ஐந்தாண்டுத் தாமதம் ஒரு நல்ல வயலைக் கெட்ட முதலீடாக்கிவிடும். பிபி 2006இல் கண்டறிந்த காஸ்கிடா வயலுக்கு 2024இல்தான் ஒப்புதல் கிடைத்தது. உற்பத்தி 2029இல் தொடங்கும் என்பது திட்டம். பாறையின் அழுத்தம் தாங்கமுடியாத அளவுக்கு உயர்ந்திருந்ததால், சதுர அங்குலத்துக்கு 20,000 பவுண்டு அழுத்தம் தாங்கும் கருவிகள் உருவாகும்வரை அந்த எண்ணெய் காத்திருக்க வேண்டியிருந்தது. அத்தகைய கருவிகளைக் கொண்டு முதன்முதலில் எண்ணெய் எடுத்தது செவ்ரான் நிறுவனத்தின் ஆங்கர் திட்டம். 570 கோடி டாலர் செலவில் 2024 ஆகஸ்டில் அது உற்பத்தியைத் தொடங்கியது.

காலத்துக்கு அடுத்தபடி எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒரு கிணறு எவ்வளவு சுரக்கிறது என்பது. ஆழ்கடலில் கிணறு தோண்டும் கப்பலின் நாள் வாடகை 2013-14 உச்சத்தில் 6 லட்சம் டாலரை எட்டியது. துணைக் கப்பல்கள், ஹெலிகாப்டர்கள், சிமென்ட், சிறப்புப் பணியாளர்கள் எல்லாம் சேர்ந்தால் நாளொன்றுக்கு 10 லட்சம் டாலர்வரை போகும். நூறு நாள் தோண்டினால் 10 கோடி டாலர். அந்தக் கிணறு நாளொன்றுக்கு 2,000 பீப்பாய் தந்தால் அது நஷ்டக் கணக்கு. 20,000 பீப்பாய் தந்தால் நல்ல சொத்து. ஆழ்கடல் எண்ணெயில் லாபம் ஈட்டியவர்கள் அனைவரும், கடைசியில் பார்த்தால், குறைந்த கிணறுகளில் நிறைய எண்ணெய் எடுத்தவர்கள்.

பாறையைத் தவறாகக் கணித்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் கேஜி-டி6 பகுதியில் கிடைத்தது முதன்மையாக எரிவாயு என்றாலும் பொருளாதாரம் இதுவேதான். 2004இல் நாளொன்றுக்கு 4 கோடி கன மீட்டர் என்று திட்டமிட்ட ரிலையன்ஸ், 2006இல் அதை 8 கோடியாக உயர்த்தியது. செலவுத் திட்டம் 240 கோடி டாலரிலிருந்து 880 கோடி டாலர் அளவுக்குப் போனது. 2009 ஏப்ரலில் உற்பத்தி தொடங்கி, 2010இல் 6 கோடியைத் தொட்ட கையோடு சரியத் தொடங்கி, 2013இல் 1.5 கோடிக்கும் கீழே இறங்கியது. கட்டிய வசதிகளின் பெரும்பகுதி பயனின்றிக் கிடந்தது. அந்தச் செலவை ஒப்பந்தப்படி யார் ஏற்பது என்று அரசும் நிறுவனமும் நடுவர் மன்றம்வரை சென்றன. குழாயும் மேடையும் கட்டி முடித்த பிறகு பாறை கைவிட்டால், ஆழ்கடலில் திரும்பிப் போக வழி கிடையாது.

உயர்ந்த விலை நிலவிய 2005 முதல் 2014 வரையிலான காலத்தில் நிறுவனங்கள் எப்படி நடந்துகொண்டன என்பதைப் பார்த்தால், மேட் டாக் மதிப்பீடு 2,000 கோடியைத் தொட்டதில் வியப்பில்லை. ஒவ்வொரு மேடையையும் புதிதாக வரைந்தார்கள். ஒவ்வொரு வால்வுக்கும் நிறுவனத்துக்கே உரிய தனித் தரக்குறிப்பு இருந்தது. வயலின் மிக உயர்ந்த கணிப்புக்கு ஏற்ற அளவில் வசதிகளைக் கட்டினார்கள். இதற்கு முன்பே அரசும் கை கொடுத்திருந்தது: 1995இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆழ்கடல் ராயல்டிச் சலுகைச் சட்டம், 800 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் உள்ள வயலில் முதல் 8.75 கோடி பீப்பாய்வரை ராயல்டியை, அதாவது எடுக்கும் எண்ணெயில் அரசுக்குத் தர வேண்டிய பங்கை, தள்ளுபடி செய்தது. எண்ணெய் விலை உயர்ந்தால் சலுகை நின்றுவிட வேண்டும் என்ற நிபந்தனை 1998, 1999 ஆண்டுகளின் குத்தகைகளில் விடுபட்டுப்போக, விலை ஏறிய பிறகும் அந்த வயல்களிலிருந்து அரசுக்கு வர வேண்டிய பணம் வராமல் போயிற்று. ஆழ்கடல் முன்னோடிகளின் துணிவைப் பாராட்டும் கட்டுரைகள் இந்தப் பகுதியை எளிதில் கடந்துவிடுகின்றன. துணிவுக்குப் பின்னால் பொதுப் பணமும் இருந்தது.

உலகச் சந்தை விலைக்கு அளவுகோலான பிரென்ட் எண்ணெய், 2014 ஜூனில் 115 டாலர் அளவில் இருந்து, 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே இறங்கியது. அமெரிக்க நிலப்பரப்பில், இறுகிய களிப்பாறையை உடைத்து எடுக்கும் ஷேல் எண்ணெய் பெருகியதே முதன்மையான காரணம். ஷேல் கிணற்றின் உற்பத்தி முதல் ஆண்டிலேயே பாதிக்கு மேல் குறைந்துவிடும். ஆனால் சில மாதங்களில் தோண்டி, ஓரிரு ஆண்டுகளில் போட்ட பணத்தை எடுத்துவிடலாம், விலை சரிந்தால் உடனே நிறுத்தவும் செய்யலாம். பத்தாண்டு காத்திருந்து இருபதாண்டு எடுக்கும் ஆழ்கடல் திட்டம் இந்தப் போட்டியில் உயிர் பிழைக்க வேண்டுமானால் தன் உருவத்தையே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

மாற்றிக்கொண்டது. மேட் டாக் இரண்டாம் கட்டத்தின் வடிவமைப்பை எளிமையாக்கி, பொதுத் தரத்துக்கு உட்பட்ட பாகங்களைப் பயன்படுத்தியதால் மொத்தச் செலவு சுமார் 60 சதவீதம் குறைந்தது என்று பிபி கூறியது. ஷெல் நிறுவனத்தின் வீட்டோ திட்டம் இதைவிடத் தெளிவான சான்று. 2015இல் அதன் பெரிய மேடை வடிவத்தைக் கைவிட்டு, எட்டே கடலடிக் கிணறுகளுக்கு ஏற்ற சிறிய மேடையாகத் திருத்தி வரைந்தபோது, செலவு முந்தைய வடிவத்தைவிட 70 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. 35 டாலருக்குக் கீழ் விற்றாலும் அசல் தேறும் என்று 2018 ஒப்புதலின்போது அறிவித்தார்கள். அடுத்து வந்த வேல் திட்டத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், வீட்டோவின் மிதவை உடலை 99 சதவீதமும் மேல்தளத்தை 80 சதவீதமும் அப்படியே நகலெடுத்தார்கள். ஒரே தையல் அளவில் பல சட்டை தைப்பதுபோல, வயலுக்காக மேடையை வரையாமல், கையில் உள்ள மேடைக்குப் பொருந்தும் வேகத்தில் வயலைச் சுரக்கவிடுவது என்ற இந்த மனமாற்றம்தான், என் கணிப்பில், இந்தக் காலகட்டத்தின் உண்மையான கண்டுபிடிப்பு. உச்ச உற்பத்தி சற்றுக் குறையும்; ஆனால் முதலீடு பல மடங்கு குறைவதோடு, எண்ணெயும் விரைவில் வரும். வேல் வயல் கண்டறியப்பட்டு ஏழரை ஆண்டுகளில், 2025 ஜனவரியில், உற்பத்திக்கு வந்துவிட்டது. இதே சிக்கனத்தின் இன்னொரு வடிவம், ஏற்கெனவே மிதந்துகொண்டிருக்கும் மேடைக்குச் சுற்றுவட்டாரச் சிறு வயல்களைக் கடலடிக் குழாயால் இணைப்பது; பழைய மேடையில் காலியாகும் இடத்தைப் புதிய எண்ணெய் நிரப்புகிறது.

ஆனால் 2,000 கோடி 900 கோடியானதற்கு எளிமை மட்டும் காரணம் இல்லை. கிணறு தோண்டும் கப்பல்களின் வாடகை 2014இலிருந்து மூன்றாண்டுகளில் மூன்றில் ஒரு பங்கிற்கும் கீழே விழுந்தது. உச்ச காலத்தில் கடன் வாங்கி, கப்பல் ஒன்றுக்கு 60 கோடி டாலருக்கு மேல் கொடுத்துக் கட்டியவர்கள், வட்டிகூடக் கட்டமுடியாத வாடகைக்கு அவற்றை ஓட்டினார்கள். அத்தகைய கப்பல் நிறுவனங்களில் சீட்ரில் 2017இலும் 2021இலும், டயமண்ட் ஆஃப்ஷோர், நோபிள், வலாரிஸ் ஆகியவை 2020இலும் திவால் பாதுகாப்பு கோரின. பங்குதாரர்கள் முதலை இழந்தார்கள். கடன் கொடுத்தவர்கள் பங்குகளை வாங்கிக்கொண்டு கடனைத் தள்ளுபடி செய்தார்கள். பல கப்பல்கள் உடைக்கப்பட்டன. எண்ணெய் நிறுவனங்களின் அறிக்கையில் 'செயல்திறன்' என்று எழுதப்பட்ட தொகையின் ஒரு பகுதி, வேறு நிறுவனங்களின் ஐந்தொகையில் நஷ்டமாக எழுதப்பட்ட தொகைதான். கடலில் வேலை பார்த்துவந்த பல்லாயிரம் பேரின் வேலையும் அந்த ஆண்டுகளில் போயிற்று.

நாட்களை மிச்சப்படுத்துவதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தத் தொழிலின் பொருளாதாரத்தைப் பேசக்கூடாது. 2010 ஏப்ரல் 20 அன்று டீப்வாட்டர் ஹொரைசன் என்ற மிதக்கும் துளையிடும் மேடை வெடித்து 11 பேர் இறந்தபோது, அது தோண்டிக்கொண்டிருந்த மக்காண்டோ கிணறு ஏறத்தாழ ஆறு வாரம் தாமதமாகியிருந்தது, திட்டமிட்டதைவிட 5.8 கோடி டாலர் கூடுதலாகச் செலவாகியிருந்தது என்று அமெரிக்க அதிபர் நியமித்த ஆணையம் பதிவு செய்தது. அந்த ஒரு கிணற்றால் பிபி நிறுவனத்துக்கு ஏற்பட்ட செலவு 6,500 கோடி டாலரைத் தாண்டியது. ஏழு மேட் டாக் இரண்டாம் கட்டங்களைக் கட்டக்கூடிய பணம் அது.

பிரேசில் சென்ற பாதை வேறு. சாந்தோஸ் படுகையில், 2,000 மீட்டருக்கு மேற்பட்ட நீருக்கும், பல இடங்களில் அதே அளவு தடித்த உப்புப் படலத்துக்கும் கீழே, 2006இல் பிரேசிலின் அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோபிராஸ் துப்பி வயலைக் கண்டறிந்தபோது, இந்த எண்ணெய் லாபத்தில் வெளியே வருமா என்று ஐயுற்றவர்கள் பலர். ஐயம் நீங்கியதற்குக் காரணம் பாறை. நாளொன்றுக்கு 20,000, 30,000 பீப்பாய் தரும் கிணறுகள் அங்கே சாதாரணமாயின. அதோடு கையும் பழகியது: அந்தப் படுகையில் ஒரு கிணற்றைத் தோண்டி முடிக்க 2010வரை சராசரியாக 310 நாள் ஆயிற்று, 2016 தொடக்கத்தில் அது 89 நாளாகக் குறைந்தது. நாள் வாடகை 5 லட்சம் டாலர் என்று மட்டும் வைத்தால்கூட, கிணறு ஒன்றுக்கு 11 கோடி டாலர் மிச்சம். இன்று அந்த வயல்களில் எண்ணெயை மேலே கொண்டுவரும் அன்றாடச் செலவு, உற்பத்திக் கப்பலின் வாடகையும் அரசுப் பங்கும் நீங்கலாக, பீப்பாய்க்கு 5 டாலருக்கும் குறைவு. அரேபிய மணற்பரப்பின் செலவோடு ஒப்பிடத்தக்க எண் இது.

அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு நாட்டின் பெரும் வலி இருக்கிறது. உள்நாட்டிலேயே கருவிகள் செய்ய வேண்டும் என்ற நோக்கத்தோடு, 28 துளையிடும் கப்பல்களைப் பிரேசிலில் கட்டுவதற்காகத் தொடங்கப்பட்ட செட்டே பிரேசில் நிறுவனம் 2016இல் திவால் பாதுகாப்பு கோரியது. ஒப்பந்தங்களில் ஊழல் புகுந்ததை 2014இல் தொடங்கிய லாவா ஜாட்டோ விசாரணை வெளிக்கொணர்ந்தது. ஊழலால் மிகையாகக் கணக்கில் ஏறிய 620 கோடி பிரேசில் ரியாலைப் பெட்ரோபிராஸ் 2015இல் நஷ்டமாக எழுதித் தள்ளியது. பாறையும் தன் பங்குக்குச் சோதித்தது: எண்ணெயோடு வரும் கரியமில வாயு, வளையும் கடலடிக் குழாய்களின் எஃகுக் கம்பிகளை அரித்து வெடிப்புண்டாக்கியதால், நெடுங்காலம் உழைக்கும் என்று நம்பிய குழாய்களை முன்கூட்டியே மாற்ற வேண்டி வந்தது. ஆயினும் பிரேசில் அரசு தன் பங்கை விட்டுக்கொடுக்கவில்லை. 2013இல் லிப்ரா வயலை ஏலம் விட்டபோது ஒரே ஒரு கூட்டணிதான் முன்வந்தது. அப்படியும் 1,500 கோடி ரியால் முன்பணமும், செலவு போக மிஞ்சும் லாப எண்ணெயில் 41.65 சதவீதமும் அரசுக்கு வந்தன. 2019இல் பூசியோஸ் வயலின் கூடுதல் உரிமைக்காக மட்டும் 6,820 கோடி ரியால் கிடைத்தது.

இதோடு ஒப்பிட்டால் கயானாவின் கதை மனத்தை உறுத்துகிறது. மக்கள்தொகை ஏறத்தாழ 8 லட்சம் கொண்ட அந்தத் தென் அமெரிக்க நாட்டின் ஸ்டாப்ரூக் கடற்பகுதியில் எக்ஸான்மொபில் 2015 மே மாதம் லீசா வயலைக் கண்டறிந்தது; 2019 டிசம்பர் 20 அன்று எண்ணெய் வந்துவிட்டது. ஐந்தாண்டுக்கும் குறைவான இந்த இடைவெளி, ஆழ்கடல் தொழிலில் மிக அரிது. நல்ல மணற்பாறை, இரண்டாம் கட்டத்திலிருந்து ஒன்றைப்போல் ஒன்றாகக் கட்டிய உற்பத்திக் கப்பல்கள், ஒப்பந்தம் கிடைப்பதற்கு முன்பே சீனத் தளங்களில் கப்பல் உடலைக் கட்டிவைக்கும் எஸ்பிஎம் நிறுவனத்தின் முறை, விலை சரிந்திருந்த காலத்தில் கிடைத்த மலிவான கப்பல் வாடகை எல்லாம் கூடிவந்தன. முதல் கட்டத்துக்கு 35 டாலர், இரண்டாம் கட்டத்துக்கு 25 டாலர் போதும், அசல் தேறிவிடும் என்று அப்போது கூட்டாளி நிறுவனமாக இருந்த ஹெஸ் முதலீட்டாளர்களிடம் சொல்லிவந்தது.

இந்த 25 டாலர் கணக்கில் ஒப்பந்தத்துக்கும் இடமுண்டு. 2016 ஒப்பந்தத்தில் கயானா பெற்ற முன்பணம் 1.8 கோடி டாலர். உற்பத்தியாகும் எண்ணெயில் 75 சதவீதம்வரை நிறுவனங்கள் தம் செலவுக்கு எடுத்துக்கொள்ளலாம். மிஞ்சும் 25இல் ஆளுக்குப் பாதி. அதற்கு மேல் 2 சதவீத ராயல்டி. ஆக, நூறு பீப்பாயில் நாட்டுக்குக் கிடைப்பது பதினான்கரை. நிறுவனங்களின் வருமான வரியையும் அரசே தன் பங்கிலிருந்து செலுத்தியதாகக் கணக்கு வைக்கப்படுகிறது. ஒரு வயலின் செலவை அந்த வயலின் எண்ணெயிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்ற தடுப்பும் ஒப்பந்தத்தில் இல்லை. அதாவது லீசாவில் வரும் எண்ணெயைக் கொண்டு, இன்னும் தோண்டாத அடுத்த வயலின் செலவை மீட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு புதிய திட்டமும் ஒப்புதல் பெறும்போது, நாட்டின் பங்கு எட்டில் ஒன்றிலிருந்து பாதியை நோக்கி நகரும் நாள் தள்ளிப்போகிறது. கண்டுபிடிப்பு அபாயம் முழுவதையும் நிறுவனம் ஏற்றது என்ற வாதம் 2015 மே மாதத்துக்கு முன்பு கையெழுத்தான ஒப்பந்தத்துக்குப் பொருந்தியிருக்கலாம்; எண்ணெய் இருப்பது தெரிந்த பிறகு, 2016இல், இந்த நிபந்தனைகளை ஏற்றதை நியாயப்படுத்துவது எனக்குக் கடினமாகவே இருக்கிறது. கயானா அரசே 2023இல் வெளியிட்ட புதிய மாதிரி ஒப்பந்தத்தில் ராயல்டி 10 சதவீதம், செலவு மீட்பின் உச்சவரம்பு 65 சதவீதம், தனியே 10 சதவீத வருமான வரி என்று திருத்திக்கொண்டது. ஆனால் அது புதிய பகுதிகளுக்குத்தான். எண்ணெய் வந்துகொண்டிருக்கும் ஸ்டாப்ரூக்குக்கு இல்லை.

இதனால்தான் கயானாவின் அடுத்தடுத்த திட்டச் செலவுகளைக் கவனித்துப் பார்க்க வேண்டும். 2019இல் ஒப்புதல் பெற்ற லீசா இரண்டாம் கட்டம் 600 கோடி டாலர், நாளொன்றுக்கு 2.2 லட்சம் பீப்பாய். அடுத்த பயாரா, அதே கொள்ளளவுக்கு 900 கோடி. யெல்லோடெயில் 2.5 லட்சம் பீப்பாய்க்கு 1,000 கோடி. 2023இல் ஒப்புதல் பெற்ற உவாருவும் 2024இல் வந்த விப்டெயிலும் அதே 2.5 லட்சத்துக்குத் தலா 1,270 கோடி. நாளொன்றுக்கு ஒரு பீப்பாய் எடுக்கும் திறனைக் கட்ட 2019இல் சுமார் 27,000 டாலர் ஆனது, நான்கே ஆண்டுகளில் 50,000 டாலரைத் தாண்டிவிட்டது. கடலும் நிறுவனமும் மாறவில்லை, கைப்பழக்கம் கூடியிருக்கிறது. இருந்தும் செலவு ஏறத்தாழ இரட்டிப்பாகியிருக்கிறது. பக்கத்து நாடான சூரினாமில் டோட்டல்எனர்ஜிஸ் 2024 அக்டோபரில் ஒப்புதல் வழங்கிய கிரான்மோர்கு திட்டமும் 2.2 லட்சம் பீப்பாய்க்கு 1,050 கோடி டாலர் என்று இதே அளவில்தான் நிற்கிறது.

திவாலிலிருந்து மீண்ட கப்பல் நிறுவனங்கள் பழைய தவற்றைச் செய்யவில்லை. புதிய கப்பல் கட்டுவதை ஏறக்குறைய நிறுத்திக்கொண்டன, பலவும் ஒன்றோடொன்று இணைந்துவிட்டன. அதனால் தேவை திரும்பியதும் நாள் வாடகை 2023-24இல் 5 லட்சம் டாலரை எட்டியது. பெரிய உற்பத்திக் கப்பல்களைக் கட்டித் தரக்கூடிய நிறுவனங்கள் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே மிஞ்சியுள்ளன. பெட்ரோபிராஸின் ஏலங்களுக்கே போதிய விண்ணப்பம் வருவதில்லை. 2016இல் வாடகை வீழ்ச்சியால் வந்த சேமிப்பு இப்படித் திரும்பிப் போய்க்கொண்டிருக்க, வடிவமைப்பை எளிமையாக்கியதால் வந்த சேமிப்பு மட்டும் நிலைத்திருக்கிறது. இரண்டையும் ஒரே எண்ணில் கலந்து அறிவித்த நிறுவனங்கள், இன்றைய ஏற்றத்தைப் பணவீக்கம் என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துக்கொள்கின்றன.

ஏறும் செலவை மெக்சிகோ வளைகுடாவில் நிறுவனங்களின் பங்குதாரர்கள் ஏற்கிறார்கள். கயானாவிலோ, செலவுப் பதிவேட்டில் ஏறும் ஒவ்வொரு டாலரும் முதலில் அந்த 75 சதவீதத்திலிருந்து எடுக்கப்படும். எண்ணெய் வருவதற்கு முன், 1999 முதல் 2017 வரை ஆன செலவு என்று நிறுவனங்கள் காட்டிய ஏறத்தாழ 167 கோடி டாலரை அரசின் சார்பில் தணிக்கை செய்தபோது, அதில் 21.4 கோடி டாலர் ஏற்கத்தக்கதா என்று கேள்வி எழுந்தது. அதன் பின்னர் பதிவேட்டில் ஏறியிருப்பது பல ஆயிரம் கோடி டாலர். 2025 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற ஹாமர்ஹெட் திட்டத்தின் 680 கோடியும் அதில் சேரும்.